கண்ணிழந்த சிறுவனும் உடன்பிறந்தோரும்
(எகிப்திய அறிஞர் தாஹா ஹுஸைன் அவர்களின் வாழ்க்கை)



பார்வையற்ற ஸஹாபியான அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் வரலாற்றை நம் மக்தபில் ஓதும் பிள்ளைகள் அறிவார்கள். மஸ்ஜிதுந் நபவியில் பாங்கு சொல்லும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்களுடன் பகிர்ந்து கொண்டவர் அவர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற காலங்களில் அந்நகரின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்டு. ஆனால் அவரை நாம் வளர்ந்த மனிதராகவே சந்திக்கிறோம். பார்வையற்ற ஒரு சிறுவன், பார்வையுள்ள அண்ணன் தம்பிகள் நடுவே என்ன உணர்கிறான், அவர்களது ஒரு சிரிப்பு அவனை என்ன செய்கிறது என்பதை அச்சிறுவனே வளர்ந்தபின் எழுதி வைத்த நூல் ஒன்று அரபு மொழியில் உண்டு. நாட்கள் என்று பொருள்படும் 'அல்-அய்யாம்' என்பது அதன் பெயர். எழுதியவர் எகிப்து நாட்டு அறிஞர் டாக்டர் தாஹா ஹுஸைன்.

இம்மனிதரின் வரலாற்றை நம் ஜமாஅத் மலரில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. இன்று மாற்றுத்திறனுடைய பிள்ளைகள் வீட்டுக்குள் ஒளித்து வைக்கப்படும் நிலை குறைந்து வருகிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஊனமுள்ள 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்திருக்கிறது. ஆகவே வாலாஜாபாத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் பிள்ளைகளின் பக்கத்து இருக்கையில் காதில் கருவி அணிந்த பிள்ளையோ, நடக்க இயலாத பிள்ளையோ, பேச்சு தாமதமான பிள்ளையோ அமர்ந்திருக்கக்கூடும். நம்மில் சிலர் வீட்டில் அப்படியொரு பிள்ளை தம்பியாகவோ தங்கையாகவோ இருக்கிறது. அப்பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று பெற்றோர் பலரும் சிந்திக்கிறோம். அதன் அருகில் அமரும் பிள்ளைக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சிந்திப்பவர் சிலரே. தாஹா ஹுஸைன் அவர்களின் இளமைக்காலம் இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

பிறப்பும் பார்வை இழப்பும்

தாஹா ஹுஸைன் 1889ஆம் ஆண்டு நவம்பர் மாதம் மேல் எகிப்தின் மின்யா மாகாணத்தில், மகாகா என்னும் ஊரை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் சர்க்கரை ஆலை நிறுவனத்தில் சிறிய வேலை பார்த்தவர். வருமானம் குறைவு, பிள்ளைகள் பதின்மூன்று பேர். அவர்களுள் தாஹா ஏழாமவர். வறுமை இருந்தாலும் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்ற வேட்கை தந்தையாருக்கு இருந்தது. ஒருவரை அஸ்ஹருக்கும் மற்றொருவரை நவீனக் கல்விக்கும் அனுப்பியவர் அவர்.

ஏறத்தாழ மூன்று வயதில் தாஹாவுக்குக் கண்வலி கண்டது. வீடு நிறையப் பிள்ளைகள், ஓயாத வேலை. சில நாட்கள் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. பின்னர் ஊர் நாவிதர் அழைக்கப்பட்டார். அக்காலத்து எகிப்தியச் சிற்றூர்களில் சிறு வைத்தியமும் நாவிதர் கையில்தான் இருந்தது. அவர் செய்த சிகிச்சையில் இரு கண்களும் போயின. நம் பக்கத்துக் கிராமங்களிலும் கண் சிவந்தால் தாய்ப்பால் விடுவதும், இலைச்சாறு பிழிவதும், விளக்கெண்ணெய் தடவுவதும் நெடுங்காலம் இருந்த வழக்கங்களே. இன்றும் அவை முற்றிலும் ஒழிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. பிள்ளையின் கண் சிவந்து நீர் வடிந்தால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுவதே முறை என்பதை இவ்விடத்தில் சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

அவருக்குப் பார்த்தது எதுவும் நினைவில் தங்கவில்லை. வீட்டுக்கு முன்னால் சோளத்தட்டையால் கட்டிய வேலி ஒன்று இருந்தது. அந்த வேலிதான் தன் உலகின் எல்லை என்று அவர் எண்ணியிருந்தார். முயல்கள் அந்த வேலியின் இடுக்கு வழியே எளிதாக நுழைந்து வெளியே போய்விடுகின்றன. தன்னால் முடியவில்லையே என்று அவற்றின் மீது பொறாமை கொண்டார். மாலை நேரங்களில் வேலியில் சாய்ந்து நின்று, தெருவில் கதைப்பாடல் சொல்லும் பாடகரின் குரலைக் கேட்பார். சிறிது நேரத்தில் சகோதரி வந்து உள்ளே அழைப்பாள், அவர் மறுப்பார், அவள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

தன்னிடம் ஏதோ வேறுபாடு இருக்கிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. அவரே கண்டுபிடித்தார். தாயாரின் பேச்சில் இரக்கம் இருந்தது. சில வேளை கவனக்குறைவும் இருந்தது. தந்தையிடம் மென்மை இருந்தது. அதனுடன் சிறிது புறக்கணிப்பும் கலந்திருந்தது. உடன்பிறந்தோர் தம்மிடம் பேசும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை காட்டுவதை அவர் காதால் உணர்ந்தார். தமக்குத் தடுக்கப்பட்ட பல செயல்கள் அவர்களுக்கு அனுமதிக்கப்பட்டன. முதலில் கோபம் வந்தது. பிறகு ஒரு நாள், அவர்கள் எதையோ வர்ணித்துப் பேசுவதையும் அது தமக்குச் சிறிதும் விளங்காததையும் கவனித்து, தாம் காணாத ஒன்றை அவர்கள் காண்கிறார்கள் என்று புரிந்துகொண்டார். கோபம் அடங்கி, வெளியே சொல்லாத துக்கமாக உள்ளே தங்கிவிட்டது.

இரவு உணவு

இனி வருவது அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறிய நிகழ்ச்சி. சிலருக்கு இது ஒரு நிகழ்ச்சியாகவே தோன்றாது.

ஒரு நாள் இரவு, தந்தையாரோடும் சகோதரர்களோடும் அவர் உணவுக்கு அமர்ந்திருந்தார். நாம் சஹனைச் சுற்றி அமர்வதுபோல அனைவரும் ஒன்றாக உண்ணும் வழக்கம். தாயார் வழக்கம்போல் பரிமாறுவதைக் கவனித்துக்கொண்டிருந்தார். எப்போதும் ஒரு கையால் எடுக்கும் கவளத்தை இரு கைகளாலும் எடுத்தால் என்ன என்று ஓர் எண்ணம் அச்சிறுவனுக்குத் தோன்றியது. சிறுபிள்ளைக்குத் தோன்றும் வேடிக்கையான எண்ணம்தான் அது. இரு கைகளாலும் எடுத்துக் குழம்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனார். சகோதரர்கள் வெடித்துச் சிரித்தார்கள். தாயாருக்கு அழுகை முட்டியது. தந்தையார் அமைதியான, சோகம் தோய்ந்த குரலில், கவளத்தை எடுக்கும் முறை அதுவன்று என்று மகனுக்கு எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான் நடந்தது. அன்றிரவு அச்சிறுவன் எப்படிக் கழித்தான் என்பதை அவனே அறிவான்.

அன்று முதல் அவர் தம் கைகால்களுக்குத் தாமே விலங்கு பூட்டிக்கொண்டார். ஒவ்வோர் அசைவையும் அளந்து அளந்து செய்தார். குழம்பு, சோறு, கரண்டியால் உண்ண வேண்டியவை அனைத்தையும் தமக்குத் தாமே விலக்கிக்கொண்டார். சிந்திவிடுமோ, சகோதரர்கள் சிரிப்பார்களோ, தாய் அழுவாரோ என்ற அச்சமே காரணம். பிறகு பிறர் முன்னிலையில் உண்பதே பாரமாயிற்று. தனி அறையில் உணவு கேட்டார். இந்தப் பழக்கம் ஊரில் தொடங்கிக் கெய்ரோவுக்கும் தொடர்ந்தது. கடல் கடந்தும் போனது. முதன்முறை ஐரோப்பாவுக்குக் கப்பலில் சென்றபோது களைப்பென்று காரணம் சொல்லி உணவுக்கூடத்துக்குப் போகாமல், தம் அறைக்கே உணவை வருவித்து உண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மணவாழ்க்கை அமைந்த பிறகுதான் மனைவியாரின் உதவியால் இவற்றுள் பலவற்றிலிருந்து விடுபட்டார். அதாவது, சில நொடி நீடித்த ஒரு சிரிப்பின் விளைவு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது.

விளையாட்டும் அப்படியே ஆயிற்று. சிரிப்புக்கு இடமளிக்கும் எந்த விளையாட்டிலும் அவர் சேரவில்லை. இரும்புத் துண்டுகள் சிலவற்றைப் பொறுக்கி வைத்துக்கொண்டு வீட்டின் ஒரு மூலையில் அமர்ந்து, அவற்றை ஒன்றோடொன்று தட்டி ஓசை எழுப்புவார். சலித்துவிட்டால், சகோதரர்களும் அவர்களுடைய தோழர்களும் விளையாடும் இடத்தில் நின்று, கையால் அல்லாது மனத்தால் மட்டும் அவ்விளையாட்டில் கலந்துகொள்வார். இவ்வாறு பெயர் தெரிந்த பல விளையாட்டுக்களில் அவர் ஒன்றைக்கூட ஆடியதில்லை.

அந்தச் சகோதரர்கள் தீயவர்கள் அல்லர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவர்களும் சிறுவர்கள். இரு கைகளாலும் உணவை அள்ளும் எவரைக் கண்டாலும் பிள்ளைகள் சிரிப்பார்கள். தாஹா ஹுஸைனும் தம் நூலில் அவர்களைக் குற்றம் சாட்டவில்லை. ஆனால் அந்த இரவில் திருத்தப்பட்டவர் யார் என்று பாருங்கள். தந்தையாரின் மென்மையான அறிவுரை முழுவதும் பார்வையற்ற பிள்ளைக்கே சென்றது. சிரித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தையும் சொல்லப்பட்டதாக அந்நூலில் இல்லை. உங்கள் தம்பி கையால்தான் உலகைப் பார்க்கிறான், தட்டில் எது எங்கே இருக்கிறது என்பதை நீங்கள் சொன்னால்தான் அவனுக்குத் தெரியும் என்று எவராவது எளிய மொழியில் அவர்களுக்கு விளக்கியிருந்தால், மறுநாள் இரவு அவர்களில் ஒருவனே தம்பியின் விரலைப் பிடித்து ரொட்டி இருக்கும் இடத்தைக் காட்டியிருக்கக்கூடும். ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது விளங்கும். தாயின் கண்ணீரைக் கண்ட பிள்ளைகளுக்கோ, இது பேசக்கூடாத ஒன்று என்பது மட்டுமே விளங்கியது. நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறது. கடைத்தெருவில் சக்கர நாற்காலியில் செல்பவரைக் காட்டி நம் பிள்ளை உரத்த குரலில் கேள்வி கேட்டால், வாயைப் பொத்தி இழுத்துக்கொண்டு போகிறோம். கேள்வி அடங்கிவிடுகிறது, அறியாமை அப்படியே இருக்கிறது.

குத்தாபில்

எகிப்தில் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் பள்ளிக்குக் குத்தாப் என்று பெயர். நம் மக்தபைப் போன்றது. அங்கே இருந்த உஸ்தாதும் ஏறத்தாழப் பார்வையற்றவரே. மங்கலான உருவங்கள் மட்டுமே அவர் கண்ணுக்குப் புலப்படும். ஆனால் தமக்குப் பார்வை இருக்கிறது என்றே அவர் நம்பினார். தெருவில் போகும்போது இரு மாணவர்களின் தோள்களில் கைவைத்து நடப்பார். தாஹா ஹுஸைன் இந்த உஸ்தாதைப் பற்றி நகைச்சுவையோடு எழுதிச் செல்கிறார். அதில் சிறிது காரமும் உண்டு.

ஒன்பது வயதுக்குள் தாஹா குர்ஆன் முழுவதையும் மனனம் செய்துவிட்டார். வீட்டில் அவரை ஷைகு என்று அழைக்கத் தொடங்கினார்கள். சில நாள் பெருமையாக இருந்தது. பிறகு அது வெறும் பட்டப்பெயர் என்று சலித்துவிட்டது. ஓதிப் பாராமல் விட்டதால் மனனம் நழுவியது. ஒரு நாள் தந்தையார் நண்பர்கள் முன்னிலையில் ஷுஅரா சூராவை ஓதச் சொன்னபோது முதல் எழுத்துக்களைத் தாண்டிப் போக முடியவில்லை. பின்னர் கேட்கப்பட்ட நம்லும் கஸஸும் அவ்வாறே ஆயின. ஹிஃப்ள் செய்யும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதன் வேதனை சொல்லாமலே விளங்கும். மீண்டும் குத்தாபுக்குப் போய் மீண்டும் மனனம் செய்தார்.

இங்கே நம் மண்ணின் செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்த களத்தூரோடு தொடர்புடையவரும் பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவருமான அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே பார்வையற்றவர். முதுகில் பிறரை எழுதச் செய்து, அந்தத் தொடுதலாலேயே அவர் எழுத்துக்களைக் கற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பிரெயில் எழுத்து தோன்றுவதற்கு முன்பே நம் பக்கத்து ஊரில் ஒரு பிள்ளையின் முதுகு கரும்பலகை ஆயிற்று. எழுதிக்காட்ட ஒரு விரல் முன்வந்ததால்தானே அது நடந்தது?

அண்ணனின் மரணம்

1902ஆம் ஆண்டு எகிப்தில் காலரா பரவியது. தாஹாவின் அண்ணன்மார்களில் ஒருவர் பதினெட்டு வயதினர். மருத்துவக் கல்லூரியில் சேரக் காத்திருந்தவர். ஊர் மருத்துவரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு உதவி வந்தார். அந்நோய் அவரையும் பற்றியது. அவ்வாண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் அவர் காலமானார். அவ்வீடு அந்தத் துயரிலிருந்து எளிதில் மீளவில்லை.

அப்போது தாஹா செய்ததை அறிந்தால் அவரது உள்ளம் விளங்கும். பதினைந்து வயதில் தொழுகை கடமையாகிறது என்று அவர் கேட்டிருந்தார். அண்ணன் தொழுகையில் அவ்வளவு கவனம் இல்லாதவர். எனவே மூன்றாண்டுத் தொழுகை அவர் மீது பாக்கி இருக்கிறது என்று கணக்கிட்டு, ஒவ்வொரு வக்தையும் தமக்காக ஒரு முறையும் அண்ணனுக்காக ஒரு முறையும் தொழுதார். அவருக்காக நோன்பு நோற்றார். தமக்குக் கிடைத்த உணவிலிருந்தும் பழத்திலிருந்தும் ஏழைகளுக்கும் அநாதைகளுக்கும் கொடுத்தார். இதன் மார்க்கச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். அதை ஆலிம்கள் சொல்வார்கள். பிறரின் இரக்கத்துக்கு மட்டுமே உரியவன் என்று வீட்டாரால் எண்ணப்பட்ட சிறுவன், பார்வையுள்ள அண்ணனின் கடனைத் தானே சுமக்க முன்வந்தான். மாற்றுத்திறனுடைய பிள்ளை பெறுவதற்கு மட்டும் பிறந்ததன்று என்பதை அதன் உடன்பிறப்புக்களுக்கு உணர்த்த இதைவிடச் சிறந்த செய்தி எனக்குத் தெரியவில்லை.

கெய்ரோவில் தனிமை

அவ்வாண்டு இலையுதிர் காலத்தில், பதின்மூன்று வயதில், அஸ்ஹரில் ஓதிக்கொண்டிருந்த மற்றோர் அண்ணனுடன் அவர் கெய்ரோவுக்கு அனுப்பப்பட்டார். சேர்க்கையின்போது குர்ஆன் மனனத்தைச் சோதித்த ஆசிரியர், குருடன் என்ற சொல்லாலேயே அவரை அழைத்தார். இரு சூராக்களிலிருந்து சிறிது ஓதவைத்துத் தேர்ச்சி அளித்து, அதே சொல்லால் அனுப்பியும் வைத்தார். ஆசிரியரின் உள்ளத்தில் தீங்கு இல்லை; அன்றைய பேச்சு வழக்கு அது. ஆனால் வீட்டில் அச்சொல்லை எவரும் உச்சரித்ததே இல்லை. எல்லோரும் கவனமாகத் தவிர்த்த சொல், வெளியுலகின் முதல் நாளிலேயே முகத்தில் அறைந்தது. சொல்லை மறைத்து வைப்பது பிள்ளையைக் காப்பதாகாது என்பதற்கு இது சான்று. தமிழகத்தில் 2010ஆம் ஆண்டு முதல் மாற்றுத்திறனாளி என்ற சொல்லை அரசு வழங்கி வருகிறது. நல்ல சொல்தான். அதன் பொருளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால் அன்றோ பயன்?

அண்ணன் பாசம் உள்ளவர். ஆயினும் அவரும் இளைஞர். பகலில் தம்பியைக் கைப்பிடித்துப் பாடங்களுக்கு அழைத்துச் செல்வார். மாலையானால் அதே கட்டடத்தில் தங்கியிருந்த நண்பர்களின் அறைக்குத் தேநீருக்குப் போய்விடுவார். பார்வையற்றவருக்கு விளக்கு எதற்கு என்ற எண்ணத்தில் அறையில் விளக்கும் ஏற்றப்படாது. இருளின் மூலையில் அமர்ந்து, அடுத்த அறைகளிலிருந்து வரும் சிரிப்பொலியையும் தேநீர் காய்ச்சும் ஓசையையும் கேட்டுக்கொண்டிருப்பார் தாஹா. தாமும் வருகிறேன் என்று கேட்க வெட்கம். அண்ணனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அண்ணன் வைத்துவிட்டுப் போன உணவை உண்ணாமல் விட்டால், நோயுற்றதாக எண்ணி அண்ணன் வருந்துவாரே என்று விருப்பமின்றி உண்டு முடிப்பார்.

இந்நிலையை மாற்றியது ஆசிரியரும் அல்ல, மருத்துவரும் அல்ல, ஒரு சிறுவன். தாஹாவின் பெரியம்மா, சின்னம்மா வழிச் சகோதரன் ஒருவன், ஊரில் அவரோடு கூடித் திரிந்தவன், அஸ்ஹரில் ஓதக் கெய்ரோ வருவதாகச் செய்தி வந்தது. அச்செய்தி கேட்ட இரவு மகிழ்ச்சியால் தாஹாவுக்கு உறக்கமே வரவில்லை. அவன் வந்தபின் எல்லாம் மாறின. இருவரும் சேர்ந்து பாடத்துக்குப் போனார்கள், சேர்ந்து படித்தார்கள், சேர்ந்து உண்டார்கள், கடைகளில் நின்று சிறு தின்பண்டங்கள் வாங்கினார்கள். அண்ணன் தம்பியைக் கவனித்தார். இவனோ அவரோடு வாழ்ந்தான். கவனிப்பவருக்கும் தோழனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். இந்த உறவினன் தனிப் பயிற்சி எதுவும் பெற்றவன் அல்லன். சிறு வயது முதலே உடன் விளையாடியதால், தாஹாவின் பார்வையின்மை அவனுக்கு ஒரு புதுமையாக இருக்கவில்லை. பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கலந்து பழகவிட வேண்டும் என்று இன்று வல்லுநர்கள் கூறுவதன் பொருளும் இதுவே.

உயர்வு

இதன்பின் அவர் அடைந்த உயர்வுகளைச் சுருக்கமாகவே கூறுகிறேன். அவற்றைப் பல நூல்களில் காணலாம். அஸ்ஹரின் பழைய பாடமுறையில் மனநிறைவு கொள்ளாத அவர், 1908இல் தொடங்கப்பட்ட எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1914இல் அப்பல்கலைக்கழகத்தின் முதல் முனைவர் பட்டம் அவருக்கே கிடைத்தது. ஆய்வுப்பொருள், அவரைப் போலவே சிறு வயதில் பார்வை இழந்த கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீ. பிறர் காண உண்பதைத் தவிர்த்த அக்கவிஞரின் வரலாற்றைப் படித்தபோது, அதில் தம்மையே கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். பின்னர் பிரான்சில் மோன்பெல்லியேயிலும் பாரிசிலும் பயின்றார். இப்னு கல்தூனைப் பற்றிய ஆய்வுக்காகச் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு நூல்களைப் படித்துக்காட்டிய ஸூஸான் என்ற பெண்மணியை 1917இல் மணந்தார். 1919இல் தாயகம் திரும்பிப் பேராசிரியரானார்.

1926இல் அறியாமைக் காலக் கவிதைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது. அஸ்ஹர் உலமாக்கள் கடுமையாகக் கண்டித்தனர், வழக்கும் எழுந்தது. நூல் திரும்பப் பெறப்பட்டு, மறு ஆண்டு திருத்தப்பட்ட வடிவில் வெளியாயிற்று. அதில் அவர் கூறிய கருத்துக்களை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஏற்கத்தகாதவை அதில் உண்டு. அதற்காக அவரது இளமைக்காலம் நமக்குக் கற்பிப்பதைத் தள்ளிவிடவும் வேண்டியதில்லை.

1930இல் கலைத்துறையின் தலைவரானார். அரசியல் காரணங்களால் 1932இல் நீக்கப்பட்டுப் பின்னர் மீண்டார். 1950 முதல் 1952 வரை எகிப்தின் கல்வி அமைச்சராக இருந்தபோது, உயர்நிலைப் பள்ளிக் கல்வியைக் கட்டணமின்றி ஆக்கினார். காற்றையும் நீரையும் போலக் கல்வி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவரது கொள்கை. சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகனுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. 1955இல் ஹிஜாஸ் சென்று மக்காவையும் மதீனாவையும் தரிசிக்கும் பேறும் பெற்றார். 1973ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் கெய்ரோவில் காலமானார்.

மகளுக்குச் சொன்னது

இறுதியாகக் கூற வேண்டியது 'அல்-அய்யாம்' நூலின் முதல் பாகத்தில் உள்ள கடைசி அத்தியாயத்தைப் பற்றி. 1926, 1927ஆம் ஆண்டுகளில் அல்-ஹிலால் இதழில் தொடராக வந்து, 1929இல் நூலான இப்பாகம் முழுவதிலும் தம்மை அவர் நான் என்று குறிப்பிடவில்லை. அந்தச் சிறுவன் என்றே எழுதுகிறார். கடைசி அத்தியாயத்தில் மட்டும் பேச்சு நேரே ஒருவரை நோக்கித் திரும்புகிறது. அவர் தம் மகள் ஆமினா. அப்போது அவளுக்கு வயது ஒன்பது.

ஒரு நாள் தந்தையின் மடியில் அமர்ந்து அவள் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். அன்று அவர் சொன்னது பழைய கிரேக்கக் கதை. ஈடிபஸ் என்ற அரசன் கண்ணிழந்து, வழி தெரியாமல் தடுமாறி, மகளின் கையைப் பிடித்து அரண்மனையை விட்டு வெளியேறும் கதை. தொடக்கத்தில் மகிழ்ச்சியோடு கேட்ட குழந்தையின் முகம் மெல்ல மெல்ல மாறியது. பிறகு விம்மி அழுதாள். தந்தையைக் கட்டிக்கொண்டு முத்தமிட்டாள். தாய் வந்து தேற்றி எடுக்க வேண்டியதாயிற்று. தன் தந்தையைப் போலவே அந்த அரசனாலும் தனியே நடக்க முடியவில்லை என்பதை அக்குழந்தை கண்டுகொண்டது. அவளுக்கு எவரும் விளக்கவில்லை. பிள்ளைகள் நாம் நினைப்பதற்கு வெகு முன்பே புரிந்துகொள்கிறார்கள். நம்முடைய மௌனம் அந்தப் புரிதலைத் தடுப்பதில்லை. அதில் தனிமையை மட்டும் சேர்க்கிறது.

அன்று முதல், தம் இளமையைப் பற்றி அவளிடம் எந்த அளவுக்குச் சொல்வது என்று தாஹா ஹுஸைன் சிந்தித்திருக்கிறார். முழுவதையும் சொன்னால் அவள் சிரிக்கக்கூடும் என்று அஞ்சினார்; தந்தையைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் பிள்ளைக்கு வேண்டாம் என்று எண்ணினார். அல்லது அவள் அழக்கூடும். ஆகவே பொறுத்திருந்து, பின்பு அந்த அத்தியாயத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுத்துச் சொன்னார். பதின்மூன்று வயதில் கெய்ரோவுக்கு வந்தபோது தாம் மெலிந்து வெளிறி, அழுக்கேறிய மேலங்கியும் நிறம் மாறிய தொப்பியும் தேய்ந்த காலணியுமாக இருந்ததைச் சொன்னார். வாரக்கணக்கில் ரொட்டியும் வெல்லப்பாகும் மட்டுமே உண்டதைச் சொன்னார். ஆயினும் முகத்தில் சோர்வு காட்டாது பாடத்தில் ஊன்றி நின்றதையும், விடுமுறையில் ஊருக்குப் போனால் வசதியாக வாழ்வதாகப் பெற்றோரிடம் பொய் சொன்னதையும் சொன்னார். அவர்கள் வருந்தக்கூடாது என்பதே அதன் நோக்கம். பிறகு அந்த நிலையிலிருந்து இந்த நிலைக்கு எப்படி வந்தார் என்று கேட்டால், விடை அவளுடைய தாயிடம் இருக்கிறது என்று காட்டி முடிக்கிறார். இரவில் அவளது கட்டிலருகே வந்து நிற்கும் அதே தாய்தான், தம்முடைய துன்பத்தையும் மாற்றினார் என்பது அவர் மகளுக்குச் சொன்ன செய்தி.

ஒன்பது வயதுக்கு ஏற்ற அளவு அது. தம் குறையை மறைக்கவும் இல்லை. அதைக் கொண்டு குழந்தையைக் கலங்கவைக்கவும் இல்லை. எவ்வளவு கடினமாக இருந்தது என்பதும், யார் கைகொடுத்தார்கள் என்பதும் அதில் இருந்தன. தம் சகோதரர்களுக்கு அந்த இரவு உணவின்போது எவரும் சொல்லாது விட்டதை, ஒரு தலைமுறை கழித்துத் தம் மகளுக்கு அவரே சொன்னார்.

'அல்-அய்யாம்' எகிப்துப் பள்ளிகளில் பல்லாண்டுகள் பாடநூலாக வைக்கப்பட்டது. அந்நாட்டு மாணவர்கள் வகுப்பில் அமர்ந்து, இரு கைகளாலும் கவளம் எடுத்த அச்சிறுவனின் அத்தியாயத்தைத் தேர்வுக்குப் படித்தார்கள்.